சொல்லாமல் போகும் வழக்கம்

கேக்கைத் தின்னலாமா, தின்னக் கூடாதா என்பது இப்போது பரராஜசிங்கத்தின் பிரச்சினை அல்ல. தின்றாகிவிட்டது. அதுவும் மரியாதைக்காகத் தொட்டுவிட்டு வைத்த தின்னல் இல்லை, தட்டில் ஒட்டியிருந்த கிரீமைக் கரண்டியால் வழித்துத் தின்ற தின்னல். இன்னும் தோயாத, தலைமுழுகாத உடம்பு, உள்ளங்கையில் சவப்பெட்டியின் பிடி அழுத்திய தடம், அதே கையால் செத்தவீட்டில் கேக். ஊரில் யாராவது பார்த்திருந்தால் தலைமுறைக்கும் சொல்லிச் சிரித்திருப்பார்கள். ஆனால் இது ஊர் இல்லை, நோர்வேயின் வடக்கு முனையில் ஒரு மீன்பிடிப் பட்டினம், தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபம், தை மாதம். மதியம் என்று மணிக்கூடு சொல்கிறது, வெளியே சூரியன் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. நீலம் போட்டு அலசிய வேட்டியை உதறிப் பிடித்த மாதிரி யன்னல் முழுக்க ஒரு நீலம் நிற்கிறது. உள்ளே மெழுகுதிரிகள், கோப்பியின் ஆவி, கம்பளி உடுப்புகள் காய்கிற வாசம், தாழ்ந்த குரல்களின் முணுமுணுப்பு. அந்தச் சூட்டில் அவருக்குக் கண் சொருகியது. பக்கத்து வீட்டு ஆர்னேயைக் காலையில் மண்ணுக்குள் இறக்கிவிட்டு வந்து எல்லாரும் கோப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். குடித்து முடிந்ததும் ஒவ்வொருவராக எழும்பி, முன்மேசையில் இருக்கும் ஆர்னேயின் மனைவி இங்கெரிடம் போய், கையைப் பிடித்து, இன்றைய நாளுக்கு நன்றி, திரும்பச் சந்திப்போம் என்று சொல்லிவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவார்கள். அது இந்த ஊர் மரியாதை. ஒருவரிடமும் ஒரு சொல்லும் சொல்லாமல் எழும்பிப் போவது பரராஜசிங்கத்தின் ஊர் மரியாதை. ஏனென்றால் செத்தவீட்டில் நின்றுகொண்டு போய்விட்டு வருகிறேன் என்று சொன்னால், சாவு அதைத் தனக்குச் சொன்ன அழைப்பாக எடுத்துக்கொண்டு கூடவே புறப்பட்டுவிடும். வீட்டில் மகள் சாம்பவி நிறைமாதம். கேக் வயிற்றுக்குள் போய்விட்டது, அது போகட்டும். அந்தச் சொல்தான் தொண்டையில் நிற்கிறது.

நளாயினி விடியவே சட்டம் போட்டுவிட்டாள். அவர் கறுப்புக் கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நிற்க, மனைவி கீழ்மாடிக் கழுவும் அறைக்கு மஞ்சள், துவாய், மாற்று உடுப்பு எல்லாம் கொண்டுபோய் வைத்துவிட்டு மூச்சு வாங்க ஏறி வந்தாள். "முன்கதவாலை வராதேங்கோ. கீழ்க்கதவாலை வாங்கோ. போட்ட உடுப்பு முழுக்க மெஷினுக்குள்ளை. தோஞ்சுபோட்டுத்தான் மேலை ஏற வேணும். பிள்ளையின்ரை கண்ணிலை அதுக்கு முதல் படக் கூடாது." அதற்கெல்லாம் அவர் ஓம் ஓம் என்றார். கிணற்றடி இல்லாத தேசத்தில் கழுவும் அறைதான் கிணற்றடி, அதில் அவருக்கு வழக்கு இல்லை. "பெட்டி தூக்க ஓமெண்டதே பிழை. நிறைமாசப் பிள்ளையை வீட்டிலை வைச்சுக்கொண்டு ஆர் உதுக்குத் தோள் குடுக்கிறது?" இங்கெர் கேட்டாள். ஆறு பேர் வேண்டும், ஐந்து பேர் சொந்தம், ஆறாவது நீ என்றாள். இந்த ஊரில் ராஜாவைத் தவிர எல்லாருக்கும் 'நீ'தான், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஆறாவது நீ என்று ஒருத்தி கேட்கிறபோது, பொறு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல எந்த மனிதனுக்கு நாக்கு எழும்பும். சப்பாத்தைப் போடக் குனிந்தபோதுதான் நளாயினி முக்கியமானதைச் சொன்னாள். "அங்கை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. எழும்பி வந்திடுங்கோ." "அது இவையளின்ரை வழக்கம் இல்லையே." "அவையளின்ரை வழக்கமெல்லாம் இத்தினை வருசமாச் செய்யிறம்தானே. இது ஒண்டு எங்கடையா இருக்கட்டும்." சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்த சாம்பவி சிரித்தாள். "அம்மா, விசர்க்கதை கதைக்காதேங்கோ." இங்கே பிறந்து, இங்கே படித்து, இங்கத்தைய ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறவள். ஆனால் சிரிக்கும்போது கை வயிற்றைவிட்டு எடுபடவில்லை. அவர் கதவைத் திறக்கிற நேரம் பின்னாலிருந்து மெல்லச் சொன்னாள், "எண்டாலும் அப்பா, சொல்லாமலே வாங்கோவன்." அந்த எண்டாலும் அவரோடு தேவாலயத்துக்கு வந்து, கல்லறைக்கு வந்து, இப்போது கோப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

எண்டாலும். ஊரில் அவருடைய அம்மாவும் எதையும் அந்தச் சொல்லில்தான் தொடங்குவார். அம்மா மரியாதை பார்க்கிற மனுஷி, கடைக்குப் போனாலும் கடைக்காரப் பொடியனிடம் போட்டு வாறன் தம்பி என்று, போய்வருவதைச் சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார். ஒரு நாள் ஒரு செத்தவீட்டில் அழுது ஓய்ந்து எழும்பியவர், பழக்கதோஷம், அந்த வீட்டுப் பெண்ணின் கன்னத்தைத் தடவி, போட்டு வாறன் பிள்ளை என்று சொல்லிவிட்டார். சொன்னதும் நாக்கைக் கடித்தார். சுற்றி இருந்தவர்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் சின்னண்ணன் மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனான், வாசல் படலையில் காலூன்றி நின்று போட்டு வாறன் அம்மா என்றான், சந்தியில் ஷெல் விழுந்தது. ஷெல்லுக்கும் நாக்குக்கும் என்ன சம்பந்தம். அன்றைக்கு அந்தச் சந்தியில் விழுந்தவர்களின் தாய்மார் எல்லாருமா செத்தவீடுகளில் நாக்குத் தவறியிருந்தார்கள். இது பரராஜசிங்கத்துக்கு எப்போதோ விளங்கிவிட்டது, ஆனால் விளங்கியது தலைக்கு. அம்மாவின் தலைக்கும் விளங்கித்தான் இருக்கும். எண்டாலும் என்ரை நாக்கு, எண்டாலும் என்ரை நாக்கு என்று வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் சொல்லிக்கொண்டு வரவில்லை. கல்யாண வீட்டிலிருந்தும் பேசாமல் எழும்பி வந்தார், ஊர் அவருக்குத் தலைக்கனம் என்றது. ஒரே ஒரு தரம், இவர் வெளிநாடு புறப்பட்ட அன்று, பஸ் உறுமிக்கொண்டு நிற்க, இவருடைய தாடையைப் பிடித்துச் சொல்லு என்றார். என்னத்தை அம்மா. சொல்லு. போட்டு வாறன் அம்மா. இன்னொருக்காச் சொல்லு. சொன்னார். சொல்லி என்ன, போனவர் போனவர்தான். அம்மா கண்ணை மூடிய நாளில் சண்டையால் ஊருக்குப் போகும் பாதை பூட்டியிருந்தது, இவர் இந்தக் கடலோரத்து மீன் தொழிற்சாலையில் பனிக்கட்டிக்குள் கையை விட்டு மீன் புரட்டிக்கொண்டு நின்றார். ஆக, அந்தச் சொல் சாவைக் கூட்டிவரும் என்பதும் பொய், போனவனைத் திருப்பிக் கொண்டுவரும் என்பதும் பொய், இரண்டு பக்கமும் பொய்யான ஒரு சொல்லுக்கு ஒரு மனிதன் இவ்வளவு பயப்படத் தேவையில்லை. அப்படி நினைத்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. தெம்பு வந்த கையோடு சாம்பவியின் கை வந்தது, வயிற்றின் மேல், எடுபடாத கை. மேசையில் மெழுகுதிரி ஒன்று படபடத்து அடங்கியது. யாரோ வெளிக்கதவைத் திறந்திருப்பார்கள்.

"பரா அண்ணை, என்ன நித்திரையோ?" பக்கத்தில் இருந்த குகதாசன் முழங்கையால் இடித்தான். அதே தொழிற்சாலையில் வேலை, வயதில் இளையவன், ஆர்னேயின் படகில் போய் மீன் பிடித்த பழக்கத்தில் வந்திருந்தான். அவன் தட்டில் கேக் புதிதாக வந்து இறங்கியிருந்தது. பாம்பு தின்னுற ஊருக்குப் போனால் நடுத்துண்டு எனக்கு என்று இருக்க வேணும் அண்ணை என்பது அவனுடைய வேதம். "கோப்பி முடிஞ்சால் நழுவுவம். குசினிப் பக்கம் ஒரு கதவு கிடக்கு." "இங்கெருக்குச் சொல்லாமலோ?" "செத்தவீட்டிலை ஆர் அண்ணை சொல்லிக்கொண்டு போறது? கேக் திண்டது அவையளுக்காக. சொல்லாமல் போறது எங்களுக்காக. சரிக்குச் சரி." கணக்கு என்னவோ நேராகத்தான் இருந்தது. அதற்குள் யாரோ கரண்டியால் கோப்பையைத் தட்டினார்கள். துறைமுகத்தில் வேலை செய்கிற ஒரு பெரிய மனிதர் எழும்பி, தொண்டையைச் செருமி, ஆர்னேயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். இனிமேல் பனி அள்ளக் கூடாது, நெஞ்சு தாங்காது என்று வைத்தியர் ஆர்னேயிடம் சொன்னாராம். அதைப் பனியிடம் சொல்லுங்கள் என்று ஆர்னே சொன்னானாம். மண்டபம் சிரித்தது. இங்கெரும் சிரித்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. செத்தவீட்டில் சிரிப்பார்கள் என்று முதன்முதல் கண்டபோது பரராஜசிங்கத்துக்கு உடம்பு கூசியது. இப்போது அவருடைய உதடும் கேளாமல் விரிந்தது. ஆர்னே அப்படிச் சொல்லக்கூடியவன்தான். முன்மேசையில் அவனுடைய படம், கண்ணைச் சுருக்கி, வாயைப் பாதி திறந்து, எதையோ கத்தப் போகிறவன் மாதிரி. என்ன கத்தப் போகிறான் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு காலையும் வேலைக்குப் படியிறங்கும்போது இவர் நளாயினியைப் பார்த்துப் போட்டு வாறன் என்பார், உள்ளேயிருந்து ஓம் என்று குரல் வரும். பக்கத்து வாசலில் நின்ற ஆர்னேயும் இங்கெரும் ஒரு நாள் கேட்டார்கள், எல்லா நாளும் அதையே சொல்கிறாயே, அது என்ன. போகிறேன் என்று எங்கள் ஆட்கள் சொல்வதில்லை, போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வோம் என்று விளக்கினார். கெட்டிக்காரர்கள் என்றாள் இங்கெர். அடுத்த நாளிலிருந்து ஆர்னே படகுக் கொட்டிலுக்குப் போகும்போதெல்லாம் தெரு முழுக்கக் கேட்க, பொத்து வாரன், என்று இங்கெரைப் பார்த்துக் கத்திவிட்டுத்தான் போவான். அவளும் ஓம் என்பாள். சின்னப் பிள்ளையாக இருந்த சாம்பவி விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தக் கொட்டிலில்தான், தூண்டில் கயிற்றுச் சிக்கலை மடியில் வைத்தபடி, ஆர்னே போன கிழமை செத்துக் கிடந்தான். செய்தி கேட்டு ஓடிப்போன இவரைக் குசினியில் இருத்தி, இங்கெர் பழக்கத்தில் கோப்பியும் ஊற்றி வைத்துவிட்டு, மேசையைத் துடைத்தபடி சொன்னாள். "நான் நித்திரை என்று நினைத்து என்னை எழுப்பாமல் போயிருக்கிறான். ஒவ்வொரு நாளும் உங்களுடைய அந்தச் சொல்லைக் கத்திவிட்டுத்தான் போவான். அன்றைக்குச் சொல்லாமல் போய்விட்டான்." துடைத்த இடத்தையே அவள் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

சொல்லாமல் போவது. முன்பொரு தரம் இதே மண்டபத்தில், இதே நாற்காலிகளில், ஆர்னேயின் தாயின் செத்தவீடு. சாம்பவி அப்போது பாலர் பாடசாலை. பரராஜசிங்கம் கறுப்பு உடுப்பு வாங்கி, பூ வாங்கி, பூவின் நாடாவில் குடும்பத்தின் பெயரை எழுதுவித்து, எல்லாம் இவர்கள் முறைப்படி செய்துகொண்டு வந்தார். வந்து கோப்பியைத் தொடவில்லை, பாண் துண்டைத் தொடவில்லை, ஆர்னே யாரோடோ பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து எழும்பி, ஒருவர் முகத்தையும் பாராமல் வெளியே நடந்தார். ஊரில் இதைவிடப் பக்குவமாக ஒரு செத்தவீட்டுக்குப் போய்வர ஒருவராலும் முடியாது. இங்கே அது அடிமேல் அடி. கொடுத்ததைத் தின்னவில்லை, நீட்டிய கையைப் பிடிக்கவில்லை, கள்ளன் மாதிரி நழுவினான். ஆனால் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஊரில் கோபம் வாயால் வருவதில்லை, பனியால் வரும். அதுவரை பனி கொட்டிய காலைகளில் ஆர்னே தன் பனி வழிக்கும் மெஷினைத் தள்ளிக்கொண்டு தன் வாசலை வழித்து, அப்படியே வளைந்து இவர்கள் வாசலையும் வழித்துவிட்டுப் போவான். அந்தக் கிழமையிலிருந்து மெஷின் எல்லையில் வந்து நின்றது. நூல் பிடித்த மாதிரி நின்றது. அந்தப் பக்கம் தரை, இந்தப் பக்கம் முழங்காலளவு பனி. அந்த மாரி, அந்தக் குளிர்காலம் முழுக்க அவரும் நளாயினியும் ஷவலோடு மாரடித்தார்கள். என்ன குற்றம் என்று தெரிந்தாலாவது தண்டனை ஒரு கணக்கில் நிற்கும். பனி உருகி எல்லையே தெரியாமல் போன பிறகு ஒரு நாள் இங்கெர் புல்லில் நடந்து வந்து நேரே கேட்டாள், நாங்கள் உங்களுக்கு என்ன செய்தோம். பரராஜசிங்கம் திகைத்துப்போனார். தெரிந்த அரைகுறை மொழியில், நெற்றி வியர்க்க, விளக்கினார். தோயாமல் தின்பதில்லை. போய் வருகிறேன் என்றால் சாவும் வரும். கோபம் இல்லை, உங்கள் வீட்டுத் துக்கம் இத்தோடு முடியட்டும் என்பதற்காகவும்தான் அது. இங்கெர் சப்பாத்து நுனியால் புல்லைக் கிளறினாள். பிறகு சொன்னாள், "எங்களுக்கு அது மறுபக்கம். சொல்லாமல் போகிறவன் திரும்பி வர மாட்டான் என்று நாங்கள் நினைப்போம்." அன்று பின்னேரம் ஆர்னே ஒரு பெரிய மீனைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்து படியில் வைத்துவிட்டு, இன்றைக்குக் காற்று குறைவு என்று சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவுதான் சமாதானப் பேச்சு. அடுத்த மாரியில் மெஷின் வளைந்து வந்தது. இவர் வாசலில் நாட்டுக்கொடி ஏற்றும் கம்பத்துக்குக் குழி வெட்டியதும் அவனும் இவரும்தான். கொடி தரையில் படக் கூடாது, அயல்வீட்டில் சாவு என்றால் அரைக்கம்பத்தில் நிற்க வேண்டும், மண் போட்டு முடிந்ததும் உச்சிவரை ஏற்றி, பிறகுதான் இறக்கி மடிக்க வேண்டும் என்று எல்லாம் சொன்னான். இந்தச் சாவுக்குத் தெருவில் முதலில் அரைக்கம்பத்துக்கு வந்தது பரராஜசிங்கத்தின் கொடிதான். இன்று தேவாலய மணி கேட்டதும் அதை உச்சிக்கு ஏற்றுவது நளாயினியின் பொறுப்பு, ஏற்றியிருப்பாள், கோட்டுக்கு மேலே சால்வையைச் சுற்றிக்கொண்டு, விரல் விறைக்க. அவள் எதையும் குறைவிடுகிறவள் இல்லை. இவர்கள் செத்தவனுக்குக்கூடக் கொடியை உயர்த்திப் போய் வா சொல்லி அனுப்புகிறார்கள். உயிரோடு இருக்கிறவளுக்கு ஒரு சொல் சொல்லத்தான் தன்னால் முடியவில்லை என்று அவர் நினைத்தார். கோப்பி ஆறிப் போயிருந்தது.

நாற்காலிகள் நகரத் தொடங்கின. ஒருவர், இருவர், பிறகு ஒரு வரிசை. இங்கெர் முன்மேசைக்குப் பக்கத்தில், யன்னலுக்கு முன்னால் எழும்பி நின்று ஒவ்வொரு கையாக வாங்கிக்கொண்டிருந்தாள். குகதாசனைக் காணவில்லை, அவனுடைய தட்டு மட்டும் சுத்தமாகத் துடைத்த மாதிரி இருந்தது. குசினிக் கதவு ஒரு கை அகலம் திறந்து கிடக்க, குளிர் உள்ளே வந்து அவருடைய கணுக்காலைத் தொட்டது. இந்தப் பக்கம் கதவு, அந்தப் பக்கம் வரிசை. எழும்பினார், எழும்பியதும் கால் வரிசைப் பக்கம் போனது, ஏன் போனது என்று கேட்க நேரமில்லை. ஒரு தந்திரம் தோன்றியது. முதல் பாதியை மட்டும் சொன்னால் என்ன. இன்றைய நாளுக்கு நன்றி. அதோடு நிறுத்தினால், மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு, சாவுக்கும் அழைப்பு இல்லை. அரைவாசி இவர்களுக்கு, அரைவாசி நளாயினிக்கு. நல்ல ஏற்பாடு. ஆனால் இங்கெருக்குக் காது கூர்மை, சொன்ன பாதியை விடச் சொல்லாத பாதிதான் அவளுக்குக் கேட்கும். வரிசை நகர்ந்தது. முன்னால் நின்றவரின் கோட்டில் உருகிய பனித்துளி ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுதிரி எரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டே அவர் படலையடியில் நின்றார், பஸ் உறுமியது, சின்னண்ணன் சைக்கிளில் காலூன்றினான், இன்னொருக்காச் சொல்லு என்றார் அம்மா, சொல்லாமலே வாங்கோவன் என்றாள் சாம்பவி, இரண்டு குரலும் ஒரே குரலாக இருந்தது. பிள்ளை புரளுமா இந்த நேரம். வரிசையில் நிற்பது தெரிந்தால் நளாயினி என்ன சொல்வாள். ஒன்றும் சொல்ல மாட்டாள், அதுதான் பயம். பிறக்கப் போகிற பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால், ஒரு காய்ச்சல் வந்தால்கூட, இந்த வரிசையை அவர் ஆயுள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பார், எண்டாலும் என்ரை நாக்கு என்று. முன்னால் நின்றவர் விலகினார். பரராஜசிங்கம் இங்கெருக்கு முன்னால் நின்றார்.

இங்கெர் கையை நீட்டவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தாள். "பரா. சாம்பவிக்கு நாள் கிட்டிவிட்டது அல்லவா?" "இந்தக் கிழமை" என்றார். "எனக்கு நினைவிருக்கிறது" என்றாள், "நீ அன்றைக்குப் புல்லில் நின்று சொன்னது எல்லாம் நினைவிருக்கிறது. குசினிக் கதவால் போ. நான் கோபிக்க மாட்டேன்." சொல்லிவிட்டு, அவர் முகத்தை அவள் பார்த்திருக்கவே இல்லை என்று ஆக்கிவிடுகிறவள் போல, மெல்லத் திரும்பி யன்னலைப் பார்த்து நின்றுகொண்டாள். அவருக்கு முன்னால் அவளுடைய முதுகு. கறுப்புக் கம்பளிச் சட்டை, ஊசி குத்தி ஏற்றிய நரைமயிர், கழுத்தடியில் தப்பி நின்ற ஒரு மயிர்க்கற்றை. கேட்டது கிடைத்துவிட்டது. இனிக் குற்றம் இல்லை, அவளே கதவைக் காட்டிவிட்டாள், நளாயினியும் சரி, ஊரும் சரி, இந்த ஊரும் சரி. போக வேண்டியதுதான். கால் போகவில்லை. அவருக்கு அழுகை வந்தது. கல்லறையில் கயிற்றைப் பிடித்துப் பெட்டியை இறக்கும்போதுகூட வராத அழுகை. இவள் தன் வீட்டில் விழுந்த சாவைத் தோளில் வைத்துக்கொண்டு, அது அவருடைய மகளைத் தொடாமல் இருக்க முதுகைத் திருப்பி நிற்கிறாள். ஒருவன் சொல்லாமல் போய்ப் பத்து நாள் ஆகவில்லை, இன்னொருவனையும் சொல்லாமல் போ என்கிறாள். இன்றைக்கு இங்கே கை பிடித்தவர்கள் எல்லாரும் திரும்பச் சந்திப்போம் என்றார்கள், யார் சந்திக்கப் போகிறார்கள். யன்னலில் நீலம் கறுத்துக்கொண்டு வந்தது, அதில் பனி மறுபடி இறங்கத் தொடங்கியிருந்தது, பெரிய பெரிய துணுக்காக, அவசரம் இல்லாமல். விடியும்போது முழங்காலளவு நிற்கும். மெஷின் ஆர்னேயின் கொட்டிலில் சும்மா நிற்கும். அவர் தன் வாசலை வழித்துக்கொண்டு வருவார், எல்லை வரும், அந்தப் பக்கம் பனி, இந்தப் பக்கம் தரை.

"போட்டு வாறன், இங்கெர்" என்றார் பரராஜசிங்கம். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தார், சத்தமாக வந்துவிட்டது. அவளுடைய முதுகு அசையவில்லை. பிறகு தோள் ஒரு தரம் எழும்பி இறங்கியது. திரும்பினாள். முகம் முழுக்க நனைந்திருந்தது. "அதை நீ இங்கே சொல்லக் கூடாதே" என்றாள். "சொல்லிவிட்டேன்" என்றார், "பனி கொட்டுகிறது. விடியக் காலையில் வருவேன். மெஷினின் சாவியை எடுத்து வை." அவள் அவருடைய கையைப் பிடித்தாள், காலையில் பெட்டியின் பிடி அழுத்திய அதே கையை. இவர்கள் பிடிக்கிற மாதிரி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு விடவில்லை, பிடித்தபடி நின்றாள். "ஓம்" என்றாள்.

வெளியே ஒன்றும் கேட்கவில்லை, பனி எல்லாச் சத்தத்தையும் மூடிக்கொண்டிருந்தது. வீடு வரைக்கும் அவருடைய சப்பாத்துதான் நெறுநெறுத்தது. இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார், கூட யாரும் வருகிறார்களா என்று, பார்த்துவிட்டு வெட்கப்பட்டார். வெட்கப்பட்டாலும் பயம் போகவில்லை, அது கோட்டுக்குள் சூடாக ஒட்டிக்கொண்டு வந்தது. நளாயினி கொடியை இறக்கியிருந்தாள், கயிறு மட்டும் கம்பத்தில் தட்டிக்கொண்டிருந்தது. கீழ்க்கதவால் நுழைந்து, உடுப்பு முழுவதையும் மெஷினுக்குள் போட்டு, மஞ்சளைக் கரைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். சுடுநீரில் உள்ளங்கையின் தடம் சிவந்து தெரிந்தது. மேலே பலகைத் தளம் கிறீச்சிட்டது. பாரமான, மெதுவான நடை, படிக்கட்டின் உச்சியில் வந்து நின்றது. "அப்பா," சாம்பவியின் குரல், "சொல்லாமல்தானே வந்தனீங்கள்?" அவர் தண்ணீரை நிறுத்தினார். பொய் சொல்லலாம், ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "சொல்லிப்போட்டுத்தான் வந்தனான் பிள்ளை. விடியப்புறம் வாறன் எண்டும் சொன்னனான்." மேலே குசினியில் நளாயினி எதையோ வைத்த சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. அவர் காத்து நின்றார், குளிர் முதுகில் ஏறியது. படியின் உச்சியில் மகள் மூச்சு வாங்கினாள், ஒரு கை கைப்பிடியில் இருக்கும், மற்றக் கை எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"அப்ப விடிய நேரத்துக்கு எழும்புங்கோ" என்றாள். "வாறனெண்டு சொல்லிப்போட்டுப் போகாமல் இருக்கேலாது."